முகூர்த்த நேரத்தில் ஒரு அப்டேட்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு மீன் வண்டியில் போய் இறங்கினேன்.

பட்டு வேஷ்டியில் நான், மடிசாரில் மனைவி, அவள் மடியில் பூக்கூடை. எங்களுக்குப் பின்னால், கயிறு போட்டுக் கட்டிய நிலையில் என் எலக்ட்ரிக் ஸ்கூட்டர். மண்டபத்து வாசலில் நின்றிருந்த ஒருவர்கூட எங்களைப் பார்த்து 'வாங்கோ' என்று சொல்லவில்லை. எல்லோரும் ஸ்கூட்டரைத்தான் பார்த்தார்கள்.

காரணம் இருக்கிறது. மாப்பிள்ளை கட்டவேண்டிய தாலி அதற்குள் இருந்தது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என்னுடைய பழைய பெட்ரோல் ஸ்கூட்டரை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாய்த்துப் பிடித்து, செல்லமாகத் திட்டி, உதைத்தால்தான் கிளம்பும். சொன்ன பேச்சைக் கேட்காது. ஆனால், வேறு யார் பேச்சையும் கேட்காது! அதன் கெட்ட குணங்கள் அத்தனையும் எனக்கே சொந்தமாக இருந்தன.

புது வண்டி அப்படியல்ல. சத்தமில்லை, புகையில்லை. எங்கள் கொச்சியின் மட்டாஞ்சேரிச் சந்துகளில் லாரிக்கும் டூரிஸ்ட்டுக்கும் நடுவே பூனை மாதிரி போகும். ஒரே ஒரு பழக்கம்தான் — அவ்வப்போது கம்பெனியோடு ரகசியம் பேசும். பேசி முடித்ததும் திரையில் ஒரு கேள்வி வரும். 'அப்டேட் தயார். இப்போதா, பிறகா?'

போன முறை 'இப்போது' என்று அழுத்தினேன். மறுநாள் பார்த்தால், ரிவர்ஸில் போகும்போது வண்டி 'பீம்... பீம்...' என்று கத்த ஆரம்பித்திருந்தது. கேட்டேனா? இல்லை. நிறுத்த முடியுமா? முடியாது. அன்றிலிருந்து நான் பின்வாங்குவது தெருவுக்கே தெரிகிறது.

அதனால் இந்த முறை 'பிறகு' என்றே தள்ளிக்கொண்டு வந்தேன். என் மனைவி ஜானகிக்கு வேறு காரணம் இருந்தது.

"ஏன்னா, எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்டு வாங்கின வண்டி. அதுக்குள்ள புதுசா ஒண்ணை ஏத்தறதுன்னா நாள் பாக்க வேண்டாமா?"

பார்த்தோம். கேள்வி வந்த ஒரு நாள் அஷ்டமி. அடுத்த முறை ராகுகாலம். பிறகொரு நாள் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் எனக்குச் சந்திராஷ்டமம். கடைசியில் கம்பெனிக்குப் பொறுமை போய்விட்டது. 'நீங்களே ஒரு நேரத்தைத் தேர்வு செய்யுங்கள். அதன்பின் தள்ளிப்போட இயலாது' என்றது திரை.

ஜானகிக்குச் சட்டென்று ஒரு யோசனை. "நம்ம மணியோட பிள்ளை கல்யாணத்துக்கு வாத்யார் பாத்துக் கொடுத்த முகூர்த்தம் இருக்கே? அதைவிட நல்ல நேரம் ஏது? அப்போ வண்டி மண்டபத்து வாசல்ல சும்மாதானே நிக்கப்போறது!"

மணி அவளுடைய தம்பி. யோசனையில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியுமா? என்னால் முடியவில்லை. முகூர்த்தம் தொடங்குவது காலை ஒன்பது மணி. ஒன்பது என்று பதிவு செய்தேன். மறந்தும் போனேன்.

கல்யாணம் கடலுக்கு அந்தப் பக்கம், வைப்பினில். எல்லோரும் முந்தின நாளே காரில் போய்விட்டார்கள். நாங்கள் மட்டும் பாக்கி. அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் — தாலி முதல் நாள் மாப்பிள்ளையின் அத்தை வீட்டுப் பூஜையறையில் இருக்கவேண்டும். காலையில் விளக்கேற்றிவிட்டு அத்தையே கொண்டுவர வேண்டும். ஜானகிதான் அத்தை.

ஃபோர்ட் கொச்சியில் ஜங்காருக்கு நீண்ட வரிசை. ஜங்கார் என்றால், லாரி முதல் சைக்கிள் வரை ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் தட்டைப் படகு. எங்கள் முறை வருவதற்குள் ஒன்பது நெருங்கிவிட்டது. படகில் ஏறியதும் வண்டியை அணைத்து ஸ்டாண்டு போட்டேன். தாலி இருந்த வெள்ளிச் சிமிழை ஜானகி சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். கையில் இருந்தால் காற்றில் தவறித் தண்ணீரில் விழுந்துவிடுமாம். எத்தனை முன்ஜாக்கிரதை!

அப்டேட் தொடங்க வண்டி அணைந்திருக்க வேண்டும், அசையாமல் நிற்கவேண்டும். இரண்டையும் நானே செய்து கொடுத்திருந்தேன். பாதிக் கடலில், மணி ஒன்பது அடித்ததும், திரையில் ஒரு நீலக்கோடு ஊர ஆரம்பித்தது.

வைப்பின் கரை தட்டியது. டூவீலர்கள் முன்னால். எனக்குப் பின்னால் ஒரு லாரி.

"சேட்டா, வண்டி எடுக்கு!"

எங்கே எடுப்பது? ஹேண்டில் பூட்டிக்கொண்டது. சீட்டும் திறக்கவில்லை. படகுக்காரர்கள் நான்கு பேர் வண்டியைத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். நான் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒரு பெண், கோயம்புத்தூர்க் குரல்.

"அப்டேட் ஆகறப்ப சீட் ஓப்பன் ஆகாதுங்க சார். உங்க சேஃப்டிக்காகத்தான்."

"நடுவில் நிறுத்தும்மா."

"முடியாதுங்க சார்."

"வண்டி என்னோடதும்மா!"

"ஆமாங்க சார். அதனாலதான் டைம் நீங்களே செலக்ட் பண்ணியிருக்கீங்க."

நான் ஜானகியைப் பார்த்தேன். ஜானகி கடலைப் பார்த்தாள்.

முகூர்த்தம் பத்தரை வரைதான். அதைத் தவறவிட்டால் அன்றைக்கு வேறு முகூர்த்தம் இல்லை. மணியிடமிருந்து போன். "அத்திம்பேரே, எங்கே இருக்கேள்? வாத்யார் கத்திண்டிருக்கார்!"

சீட்டை நெம்பித் திறக்கலாம் என்றார் ஒருவர். ஜானகி குறுக்கே வந்து நின்றாள். "தாலி இருக்கற எடத்தை உடைக்கறதா? என்ன அபசகுனம்!"

ஷாஜி என்று ஒரு மீன் வியாபாரி. பெட்டிகளை இறக்கிவிட்டுக் காலி மினி லாரியோடு நின்றிருந்தார். "சேச்சி பேடிக்கண்டா" என்றார். பயப்பட வேண்டாமாம். "வண்டியோடே கேற்றாம்." ஸ்கூட்டரை அப்படியே லாரியில் ஏற்றிவிடலாமாம். ஏற்றிக் கயிறு கட்டும்போது என்னைப் பார்த்து ஒரு சந்தேகம் கேட்டார். "ஸ்கூட்டர் சேட்டன்டே தன்னே அல்லே?"

உங்களுடையதுதானே என்கிறார். ஆமாம் என்றேன். குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

வழியெல்லாம் ஜானகி மூக்கை மூடிக்கொண்டு எனக்கும் தனக்கும் சேர்த்துச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். "சிமிழ் மூடியிருக்கு, சீட்டும் மூடியிருக்கு. தாலிக்கு ஒரு தோஷமும் இல்லை."

மண்டபத்து வாசலில் ஸ்கூட்டரை இறக்கினோம். நீலக்கோடு முக்கால்வாசி வந்திருந்தது. மாப்பிள்ளை வந்து பார்த்தான். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே வந்து பார்த்தார். வாத்யார் திரையையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். மணி மட்டும் பொறுக்கமாட்டாமல் சுவிட்சில் கை வைக்கப் போனார்.

"யாரும் தொடாதீங்கோ!"

கல்யாணப்பெண். கூறைப்புடவையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். சாஃப்ட்வேரில் இருப்பவள். "தொட்டா மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும், மாமா. நிக்கட்டும்."

நின்றது. நாங்களும் நின்றோம். தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் ஒரு அப்டேட் எவ்வளவு நேரம் நிற்கும் தெரியுமா? நாதஸ்வரத்தில் ஒரு வர்ணம் முழுதாக முடிந்தது. வாத்யார் "இனிமே ஆகாது" என்று சொல்ல வாயைத் திறந்தார்...

'டிங்!'

சீட் தானாகத் திறந்து எழுந்தது. காத்துக் காத்து அலுத்திருந்த தவில்காரர் அந்தச் சத்தத்துக்கே கெட்டிமேளம் கொட்டிவிட்டார். ஜானகி சிமிழை எடுத்துக்கொண்டு ஓட, பெண் ஓட, மாப்பிள்ளை ஓட... தாலி ஏறியபோது மேளக்காரர்களுக்கு மூச்சு வாங்கியது. மணி பத்தரை ஆகவில்லை. அட்சதை போட எனக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டேன், வண்டியோடு.

திரையில் ஒரு செய்தி. 'வாழ்த்துகள்! சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன.' யாருடைய பிழைகள் என்று சொல்லவில்லை.

ஆர்.சி. புக் என் பெயரில். அபராதம் வந்தால் என் பெயரில். ஆனால் வண்டி எப்போது எப்படி மாறவேண்டும் என்பது வேறு எங்கோ முடிவாகிறது. எனக்கு மிஞ்சியது நேரம் குறிக்கும் உரிமை ஒன்றுதான். 'நில்' என்று சொல்லும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? தன் வண்டியை நிறுத்த முடியாதவனை ஓனர் என்று அழைப்பது வெறும் மரியாதை. வீட்டில் என்னைக் குடும்பத் தலைவர் என்கிறார்களே, அந்த மாதிரி.

நேற்று மறுபடி கேட்டது. 'அப்டேட் தயார். நேரத்தைத் தேர்வு செய்யுங்கள்.' ஜானகி பஞ்சாங்கத்தைப் புரட்டினாள். இந்த முறை வெகு நேரம் யோசிக்கவில்லை.

"ராகுகாலத்துல போடுங்கோ. அப்போ நம்மளை யாரும் எதுக்கும் கூப்பிடமாட்டா."