நைனா பார்த்த ரைட் ஷிஃப்ட்

எங்கள் தெருவில் முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்த வீடு எங்களுடையதுதான். அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஏதோ ஒரு ஆபீஸில் உழைத்துக் களைத்து, ஓரங்கட்டப்பட்ட பெட்டி அது. சுவிட்சைப் போட்டால் முதலில் இருமும், அப்புறம் உறுமும். திரையில் வெளிச்சம் வருவதற்குள் அம்மா அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்துவிடுவாள். திருவொற்றியூரில் தண்டவாளத்தை ஒட்டிய தெரு என்பதால், கும்மிடிப்பூண்டி வண்டி போகும்போதெல்லாம் மானிட்டருக்குக் குளிர் ஜுரம் வேறு.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பல் தளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, மேலே கிரேன் ஓட்டுகிறவருக்குக் கையால் சைகை காட்ட வேண்டும். "ஆபிஸ்" என்று கத்தினால் தூக்கு என்று அர்த்தம், "ஆரியா" என்றால் இறக்கு. எந்த தேசத்துப் பாஷையோ, ஹார்பரில் எல்லோருக்கும் அது தாய்மொழி. நைனா வீட்டிலும் அதையேதான் பேசுவார். தண்ணீர்க் குடத்தை அம்மா இடுப்புக்கு ஏற்றினால் ஆபிஸ். தூங்கிப்போன என்னைப் பாயில் கிடத்தினால் ஆரியா. கம்ப்யூட்டர் வந்த அன்று அத்தை பெருமையாக, "இதுக்குள்ள எம்எஸ் ஆபீஸ் எல்லாம் கீதுண்ணா" என்றாள். நைனா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆபிஸ் கீது, சரி. தூக்கறதுக்கு கொக்கி எங்க கீது?" என்று கேட்டார்.

அத்தை நைனாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் நைனாதான் வளர்த்தார். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் முடித்தவள். காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், யாருக்காவது மனு என்று எது வந்தாலும் வீட்டிலிருந்தே அடித்துக் கொடுப்பாள். அவள் அடிக்கிற வேகத்துக்குத் திரை ஈடு கொடுக்காது. ஒரு வரி அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். எழுத்துகள் பின்னாலிருந்து மூச்சிரைக்க ஒவ்வொன்றாக வந்து சேரும்.

ஒருநாள் அதுவும் வரவில்லை. அத்தை தடதடவென்று தட்டுகிறாள், திரை வெள்ளையாகவே இருக்கிறது. கீபோர்டில் ஒரு எழுத்துக் கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் போனால் போகிறது என்று ஒரே ஒரு எழுத்து விழுந்தது.

உடனே வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டின் தூள் காற்றில் வந்து புகுந்துவிட்டது என்றார் நைனா. கடற்காற்றின் உப்பு அரித்துவிட்டது என்றாள் அம்மா. தெருவே கண் வைத்ததுதான் காரணம் என்று பக்கத்து வீட்டில் சொன்னதற்கு மரியாதை கொடுத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டோம். நைனா கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் நாலு தட்டு தட்டினார். ஒரு ஹேர்பின்னும், முறுக்குத் துண்டும், நான் தொலைத்துவிட்டு உதை வாங்கிய கம்மல் திருகும் விழுந்தன. நோய் மட்டும் விழவில்லை.

அப்போதுதான் சர்வீஸ் அண்ணன் வந்தார். வியாசர்பாடியில் ஒரு சின்ன ரிப்பேர் கடையில் வேலை. டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருவார். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரும் பெயின்ட் பிரஷும் இருக்கும். வண்டிச் சாவியில் கண் மூடிய ஒரு குட்டி பொம்மை தொங்கும். தூங்குகிறதா என்று கேட்டேன். "தூங்கல பாப்பா, யோசிக்கிறாரு" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

அத்தையை வழக்கம்போல அடிக்கச் சொல்லி, அவள் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து அம்மா என்னை சோடா வாங்க விரட்டிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது கீபோர்டு குணமாகியிருந்தது. அத்தை தன் வலது கைச் சுண்டு விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். விரலில் அப்படி என்ன வேடிக்கை என்று கேட்டேன். "டைப்ரைட்டிங் கத்துகினவ விரலாம். யோசிக்கும்போது எங்கனா போயி சாஞ்சிக்குதாம்" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, சோடாவில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? பத்து நாள் கழித்து அதே நோய் திரும்ப வந்தது. அடுத்த வாரம் மறுபடியும். சர்வீஸ் அண்ணன் வருகிற நாளில் அத்தை கிளிப்பச்சை சுடிதார் போட்டுக்கொள்வாள், தலையில் ஒரு முழம் பூ இருக்கும். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைப்பதில்லையா, அந்த மாதிரி கம்ப்யூட்டருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அவர் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேப்பரில் வைத்து பிரஷ்ஷால் துடைப்பார், அத்தை ஒவ்வொன்றாக வாங்கி மாட்டுவாள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்கும் அந்த வேலையில் ஒருமுறை 'எம்' எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் 'என்' இருந்தது. இரண்டு பேருமே கீபோர்டைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஒருநாள் நைனா வீட்டில் இருந்தபோது சர்வீஸ் அண்ணனை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தார்.

"எந்தப் பக்கம் தம்பி நீ?"

"வியாசர்பாடிண்ணே. ஹவுசிங் போர்டு."

"உங்க நைனா இன்னா பண்றாரு?"

"அவரு இல்லண்ணே. அம்மா மட்டுந்தான். ஸ்கூல்ல ஆயா வேலை."

நைனா சாவியில் தொங்கிய பொம்மையைப் பார்த்தார். "இது யாரு?"

"புத்தர்ணே. வூட்டுல எல்லாரும் அவரத்தான் கும்பிடறோம்."

நைனா "ம்" என்றார். அந்த "ம்" நாலைந்து நாள் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு, "அவங்க வேற, நம்ம வேற. வயசுப் பொண்ணு கீற வூடு. நாலு பேரு வாயில வியறதுக்குள்ள ஒரு வயி பண்ணுங்க" என்று சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. வியாசர்பாடி வேறு, திருவொற்றியூர் வேறு என்பது எனக்குத் தெரியாதா? இரண்டு பஸ் மாறவேண்டும்.

அம்மா சொன்ன வழியும் சீக்கிரமே வந்தது. காசிமேட்டில் சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிற குடும்பம். பையன் நல்ல பையன், குடிக்க மாட்டான் என்றார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு. அத்தையிடம் கேட்டதற்கு அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வளர்த்த அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் கீபோர்டின் நோய் மட்டும் அந்த வாரம் முற்றிவிட்டது. திங்கட்கிழமை ஒருமுறை, புதன்கிழமை ஒருமுறை.

எனக்கோ வேறு கவலை. அத்தை கல்யாணமாகிப் போய்விட்டால் கம்ப்யூட்டருக்கு நான்தான் எஜமானி. நோயுள்ள கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு யார் அல்லாடுவது? அதனால் அந்தப் புதன்கிழமை சர்வீஸ் அண்ணனின் கையையே கண் கொட்டாமல் பார்த்தேன். கழற்றினார், துடைத்தார், மாட்டினார், டீ குடித்தார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது வலப்பக்க ஷிஃப்ட் கட்டையை ஒரு விரலால் அமுக்கிக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். கீச்சென்று ஒரு சத்தம். திரையின் கீழ் மூலையில் இருந்த குட்டி ஸ்டாப் வாட்ச் படம் மறைந்தது. எழுத்து ஓடிவர ஆரம்பித்தது. அடப்பாவமே, இவ்வளவுதானா! இத்தனை நாள் ஸ்க்ரூ டிரைவருக்கு அங்கே வேலையே இல்லை.

மறுநாள் சாயங்காலம் "திரும்பக் கெட்டுப்போச்சு" என்று அத்தை சொன்னதும் நான் துள்ளிக் குதித்து முன்னால் வந்தேன். நைனா அப்போதுதான் வேலை முடிந்து வந்து நாஷ்டா தின்றுகொண்டிருந்தார். எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, ரைட் ஷிஃப்டை அமுக்கிப் பிடித்தேன். கீச். அடித்துக் காட்டினேன். எழுத்து வந்தது. "இனிமே யாரும் வரத் தேவையில்ல, நானே சரி பண்ணிடுவேன்" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்.

அம்மா எனக்கு நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். அத்தை என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு அழுகைதான் வந்தது. என்னடா இது, காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவளை யாராவது இப்படி முறைப்பார்களா?

நைனாவுக்கு ஒரே குஷி. "எனுக்குத் தெரிஞ்சி டே ஷிஃப்ட் கீது, நைட் ஷிஃப்ட் கீது. இது இன்னாம்மா ரைட் ஷிஃப்ட்டு? எங்க, இன்னொரு தபா காட்டு" என்றார்.

காட்டினேன். அமுக்கிப் பிடித்தால் நோய் வரும், திரும்ப அமுக்கிப் பிடித்தால் போகும்.

"தானா அமுங்கிக்குமா?"

"அது எப்டி நைனா தானா அமுங்கும்? யார்னா அமுக்கிப் புட்ச்சிகினே இருக்கணும். கையெடுத்துட்டா வராது."

நைனாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள். தட்டில் மீதி இருந்ததைத் தின்னாமலே கை கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் கல்லுக் குண்டு மாதிரி இருந்தது. அத்தைதான் சரியில்லை. கிளிப்பச்சை சுடிதார் மடித்தபடி கிடந்தது. நைனா வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார், ஆனால் குடத்துக்கு ஆபிஸும் இல்லை, எனக்கு ஆரியாவும் இல்லை. வீடே ஏதோ பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருந்தது. அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமை பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் நைனா சீக்கிரமே வந்துவிட்டார். கை கால் கழுவினார். நேராகப் போய்க் கம்ப்யூட்டர் எதிரில் இருந்த நாற்காலியில் குந்தினார். அதுவரை அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா, இத்தப் போடு" என்றார். போட்டேன். அது இருமி, உறுமி, ஏறி வரும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு கயிறு இழுத்துக் காய்ப்பேறிய ஆள்காட்டி விரலை ரைட் ஷிஃப்ட் மேல் வைத்து அமுக்கினார். கொக்கி கப்பலுக்குள் இறங்குவதைப் பார்க்கிற மாதிரி, தலையைச் சாய்த்துக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீச் என்று சத்தம் வந்தது. குட்டி ஸ்டாப் வாட்ச் வந்து உட்கார்ந்தது.

"த பாரும்மா" என்று அத்தையைக் கூப்பிட்டார். "உன் பேர அடி."

அத்தை நின்றபடியே குனிந்து அடித்தாள். ஒன்றும் வரவில்லை.

"கெட்டுப்போச்சு" என்றார் நைனா.

அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். அம்மா மாவுச் சல்லடையோடு வாசல்படியில் வந்து நின்றாள்.

"நான் சரி பண்றேன் நைனா!" என்று நான் கையை நீட்டினேன். பட்டென்று கையைத் தட்டிவிட்டார். "நீ சும்மா கெட. உன் வைத்தியம் இதுக்கு ஆவாது. போயி அந்தத் தம்பிக்குப் போன் போட்டு வரச் சொல்லு. தனியா வரவேணாம், அவங்கம்மாவையும் இட்டுக்கினு வரச் சொல்லு."

"காசிமேட்டுக்காரங்களுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றாள் அம்மா.

"நான் போயி சொல்லிக்கிறேன். திட்டுனா வாங்கிக்கிறேன்."

"நாலு பேரு பேசுவாங்களே?"

"பேசட்டும். நம்ம பொண்ணு வாய தொறந்து பேச முடியாம ஒரு கட்டைய புட்ச்சி அமுக்கிகினு கீது. அது பெரிசா, அவங்க பேச்சு பெரிசா?"

அம்மா சல்லடையை ஒரு தட்டு தட்டி, "ரெண்டு பேரு வராங்கன்னா மாவு போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நைனா கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கீழே பார்க்கத் திருப்பி, கப்பல் தளத்தில் நிற்பதுபோல மெல்ல இறக்கினார். "ஆரியா" என்றார். யாரும் எதையும் தூக்கியே இருக்கவில்லை, இறக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அத்தை அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். ஒரு கீபோர்டுக்காகவா இந்த அழுகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு விரலை வைத்தால் போகிற நோய்!

தெருமுனைக் கடையில் காசு போட்டுப் பேசுகிற போன் உண்டு. கோபத்தோடு ஓடிப்போய் நம்பரைச் சுற்றினேன். ரிப்பேர் கடையில் சர்வீஸ் அண்ணனே எடுத்தார்.

"கீபோர்டு கெட்டுப்போச்சாம். நைனா உங்கள வரச் சொன்னாரு. உங்கம்மாவையும் இட்டுக்கினு வரணுமாம்."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று போனை இரண்டு தட்டு தட்டினேன். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு சொன்னது பாப்பா? உங்க நைனாவா? அவரே சொன்னாரா?"

"ஆமா, அவருதான்."

ஏதோ ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. பாவம், பெரிய ரிப்பேர் என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு மனசு இளகிவிட்டது.

"பயப்படாதீங்கண்ணா" என்றேன். "வெறும் ரைட் ஷிஃப்ட்டுதான். அதுக்கு உங்கம்மால்லாம் தேவையே இல்ல. நான் சொன்னா நைனா எங்க கேக்கறாரு?"