வரப்பில் முன்னால் போகிறவன்

எங்கள் வீட்டு நாய் செத்துப்போனதும் அதன் வேலை எனக்கு வந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் வயலில் மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் பொழுது சாய்ந்துதான் வரும். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவார். நாய் வரப்பில் முன்னால் போகும். குறுக்கே பாம்பு கிடந்தால் அது நின்றுவிடும், அப்பாவும் நிற்பார். பாம்பு ஒதுங்கியதும் நாய் வாலை ஒருமுறை ஆட்டும். அதற்குப் பிறகுதான் அப்பா அடுத்த அடியை வைப்பார். நான் அரை டிராயர் போட்டிருந்த காலத்திலிருந்து இதுதான் நடைமுறை.

போன தை அறுவடை முடிந்த கையோடு அது போய்விட்டது. வயசாகித்தான் போனது. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் புதைத்து, மேலே ஒரு தென்னங்கன்று வைத்தோம். மறுநாள் சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். கூடவே போனேன். வரப்பு தொடங்கும் இடத்தில் போய்ச் சும்மா நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வரப்பைப் பார்த்தார். சரிதான் என்று நான் முன்னால் நடந்தேன்.

"வாலையும் ஆட்டணுமாப்பா?"

"வாய ஆட்டாம நட."

அன்றிலிருந்து தினமும் நான்தான். கல்யாணம், கோயில், கிரிக்கெட் எதற்குப் போனாலும் பொழுது சாயும்போது வீட்டில் இருக்க வேண்டும். கும்பகோணத்தில் இரண்டாம் ஆட்டம் பார்க்கப் போனால்கூடப் பாதி மனசு வரப்பில் கிடந்தது.

இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. பிளஸ் டூவில் இரண்டு பாடத்தைக் கோட்டை விட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருக்கும் என் கூட்டாளி ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான். "ஆடி வரைக்கும் மொதலாளிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அதுக்கு மேல இடம் நிக்காதுடா" என்றான். வாழ்க்கையில் எனக்காக ஒருவன் ஒரு இடத்தைப் பிடித்து வைத்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில்கூட யாரும் துண்டு போட்டதில்லை.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

"இன்னொரு நாய் வந்து வரப்பு பழகட்டும். அப்புறம் நீ எங்க வேணாலும் போ" என்றார்.

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வருவதே அபூர்வம். வந்தால் மாற மாட்டார். அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் அன்றைக்கே வலங்கைமான் போய், டீக்கடைக்குப் பின்னால் குட்டி போட்டிருந்த ஒரு செவலை நாயைப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் குட்டிகளில் ஒன்று, சாக்கடை ஓரத்துச் சுவரின் மேல் விழாமல் நடந்தது. இவன்தான் நம்ம ஆள் என்று முடிவு செய்துவிட்டேன்.

என் கெட்ட நேரம், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனிடம் வீடியோ காலில் அதைச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்பாவுக்குத் தெரு நாயாடா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றான். இரண்டே நாளில் திருச்சியில் யாரிடமோ சொல்லி, கிரேட் டேன் குட்டி ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு, தாய் நாயின் போட்டோவை அனுப்பினான். பக்கத்தில் நின்ற ஆளின் இடுப்புக்கு மேல் இருந்தது அதன் தலை.

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். "இது கறக்குமா, கொஞ்சம் கேட்டுச் சொல்லு" என்றாள்.

குட்டி வருவதற்குள் வீட்டைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. வாய்க்கால் பக்கம் கம்பி வலை அடித்தேன். வழவழவென்ற தரையில் கால் வழுக்கும் என்று அண்ணன் சொன்னதால் கூடம் முழுக்கக் கயிற்றுப் பாய் விரித்தோம். பழைய நாயின் அலுமினியத் தட்டை அம்மா புளி போட்டுத் தேய்த்து வைத்தாள். அப்பா அதை எடுத்துக்கொண்டுபோய் மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டு, புதுசு வாங்கச் சொன்னார். பழைய கழுத்துப் பட்டை தென்னங்கன்றுக்கு நட்ட குச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. யார் மாட்டியது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு நான்தான் போய் விசாரித்தேன். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"ரொம்ப பெரிய ஜாதிங்க. எலும்பு முத்தறதுக்கு ஒன்றரை வருஷம் ஆகும். அதுவரைக்கும் தூரமா நடக்க விடக்கூடாது, குதிக்க விடக்கூடாது, படி ஏற விடக்கூடாது."

"ஒன்றரை மாசங்களா?"

"வருஷம்."

"சீக்கிரம் முத்த வைக்க ஊசி கீசி ஏதாவது?"

"அதுக்கு ஒரு அவசரமும் இல்லைங்க. உங்களுக்கு என்ன அவசரம்?"

வெளியே வந்த கையோடு டீக்கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சுவர் மேல் நடந்த குட்டியை யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா ஒன்றரை வருஷத்தைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "வளந்தா ஒடம்பு எவ்வளவு அகலம் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். நான் கையை விரித்துக் காட்டினேன். அந்த அகலத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வரப்பு ஒரு ஆள் அடிமேல் அடி வைத்துப் போகும் அகலம்தான். முன்பு அகலமாக இருந்ததாம். ஒவ்வொரு நடவுக்கும் வரப்போரத்தை மண்வெட்டியால் செதுக்கிச் சுத்தம் செய்வோம். அப்போது நாங்கள் எங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் செதுக்குவோம். அடுத்த வயல்காரரான பெரியப்பா அவர் பக்கம் செதுக்குவார். அப்படிச் செதுக்கிச் செதுக்கியே சர்வேயர் வரைக்கும் போய், அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

குறுவைக்கு வரப்பு வேலை தொடங்கிய அன்று அப்பா சொன்னார்: "நம்ம பக்கம் ஒரு முழம் மண்ண அணைச்சு வரப்ப அகலமாக்கு."

"நம்ம வயல்லயா?"

"பின்ன ஊரான் வயல்லயா?"

சேற்றை வாரி வாரி வைத்தேன். பெரியப்பா தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"என்னடா, வரப்ப எம்பக்கம் தள்றீங்களா?"

"இல்ல பெரியப்பா. எங்க பக்கம்தான் விட்டுக் குடுக்கறோம்."

"யாருகிட்ட விடற கதை?" குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரப்பை நேர் பார்த்தார். நான் சொன்னது நிஜம் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தி, "அப்பனுக்கு ஒடம்பு நல்லாத்தானடா இருக்கு?" என்றார்.

"நாய்க்கு ரோடு போடறோம், பெரியப்பா."

"எந்த நாய்க்கு?"

"இன்னும் வரல."

அந்தக் குறுவைக்கு அவர் தன் பக்கம் வரப்பைச் செதுக்கவே இல்லை.

வேலை முடிந்த அன்று அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "கோயம்புத்தூர்ல ஒன்றரை வருஷம்லாம் காத்துட்டு இருக்க மாட்டாங்கப்பா."

அவர் வரப்பைக் காலால் மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தார். "இப்பவே போ. வரப்புதான் அகலமாயிருச்சுல்ல. நான் போய்க்கறேன்."

இதைத்தான் இத்தனை நாள் எதிர்பார்த்திருந்தேன். ராத்திரியே பையை எடுத்து வைத்தேன். மறுநாள் சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர்பாட்டுக்குப் போனார். நான் கொல்லைப்புறம் நின்று பார்த்தேன். வரப்பு வண்டிப்பாதை மாதிரி கிடந்தது. அப்பா அதன் தலைமாட்டில் டார்ச்சை அடித்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஒரு காலைத் தூக்கினார், வைத்த இடத்திலேயே வைத்தார். திரும்பிப் பார்த்திருந்தால்கூட ஏதாவது கிண்டல் செய்திருப்பேன். அவர் திரும்பவில்லை.

போய், "கொஞ்சம் தள்ளுங்க" என்றேன். முன்பெல்லாம் அவரைத் தாண்டிப் போக வயலுக்குள் கால் வைக்க வேண்டும். அன்று சேறு படாமலே தாண்டிப் போனேன்.

ஆனி கடைசியில் குட்டி வந்தது. கால் மட்டும் ஏதோ பெரிய நாயிடம் இரவல் வாங்கி வந்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே அப்பா அதை நெல் கட்டைத் தூக்குவதுபோல் அணைத்துத் தூக்கிக்கொண்டார்.

"நடக்க விடக்கூடாதுன்னு சொன்னாங்கப்பா."

"நடக்கவா விடறேன்? இதுக்கும் வழி தெரிய வேணாமா?"

வரப்பில் ஏறும்போது போன் அடித்தது. கூட்டாளிதான். "எப்படா வர்ற? மொதலாளி கேக்கறாரு. இடத்த வேற ஆளுக்குக் குடுத்துரவா?"

திரும்பிப் பார்த்தேன். அப்பாவும் அவர் தோள்மேல் கிடந்த குட்டியும் ஒரே மாதிரி வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குடுத்துருடா" என்றேன்.

"ஏண்டா?"

"இங்க பிரமோஷன் குடுத்துட்டாங்க. இவ்வளவு நாளா பின்னாடி ஒரு ஆளு. இப்ப ரெண்டு."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு முன்னால் நடந்தேன். பின்னால் குட்டி கீச்சென்று கத்தியது. நானும் பதிலுக்குக் கத்தினேன்.

"வாய மூடிட்டு வா" என்றார் அப்பா. யாரைச் சொன்னாரோ தெரியவில்லை. இரண்டு பேருமே மூடிக்கொண்டோம்.