கீழே பல் டாக்டர் இருக்கிறார்

கண்ணாடிக் கடையில் அவருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தது யார் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. ஆள் ஒன்றும் பஞ்சு போல இருக்க மாட்டார். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும். எதைக் கீழே வைத்தாலும் சத்தம் வராது, அதனால் வந்த பெயர். ஆளுயரக் கண்ணாடியை இறக்கினாலும் சரி, டீ கிளாஸை மேஜையில் வைத்தாலும் சரி, திரும்பிப் பார்த்தால்தான் வைத்துவிட்டார் என்று தெரியும். வலியையும் அதே மாதிரிதான் வைத்திருப்பார். ஒருமுறை பல்வலியில் கன்னம் பன்னாய் வீங்கியபோது, "கொசு கடிச்சிருக்கும்" என்று மனைவியிடம் சொன்ன மனிதர்.

பெரிய கண்ணாடிகளை இரண்டு பேராகத் தூக்க வேண்டும். முன்னால் மச்சினன், பின்னால் பஞ்சு. மனைவியின் தம்பியான அவனை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்ததே இவர்தான். ஒருவர் அடி எடுத்து வைக்கும்போது மற்றவரும் அதே அடியை எடுத்து வைக்க வேண்டும். தப்பினால் கண்ணாடி நெளியும். நழுவினால் விட்டுவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. புதிதாக வேலைக்கு வருகிற எவனுக்கும் பஞ்சு முதலில் சொல்வது அதைத்தான். "கண்ணாடி போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். கை போனா எந்தக் கடையில வாங்குவ?"

வேலை முடிந்ததும் ஜிம்முக்குப் போவார். மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே ஒரு குறுகலான படிக்கட்டு. ஏறினால் இரண்டாவது மாடி முழுக்க ஜிம். அதற்கு நேர் கீழே, முதல் மாடியில் பல் ஆஸ்பத்திரி. ஜிம்மை நடத்துகிற மாஸ்டருக்கு மார்பளவு பெரியது, தைரியத்தின் அளவு அவ்வளவில்லை. சுவரில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்: 'எடைகளைத் தொப்பென்று போடாதீர்கள். கீழே பல் டாக்டர் இருக்கிறார்.' பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்டாண்டில், எழ முடியாமல் போனால் எடையைத் தாங்கிக்கொள்ளக் குறுக்கே இரண்டு இரும்புக் கம்பிகள் செருகுவார்கள். அவற்றின்மேல் பார் விழுந்தால் டமாரென்று சத்தம் வரும் என்பதால், மாஸ்டர் இரண்டையும் பீரோவுக்குப் பின்னால் போட்டுவிட்டார். அங்கே எடை தூக்குகிறவர்கள் எல்லோரும் பூனை போல இறக்கி வைத்தார்கள். இந்தக் கலையில் பஞ்சுவை மிஞ்ச ஆளில்லை. அவருக்கென்றே கட்டிவிட்ட ஜிம் போல இருந்தது.

அன்று ஒரு துணிக்கடைக்கு முகப்புக் கண்ணாடி ஏற்றிவிட்டு நேரம் கழித்து வந்தார். கால்கள் ஏற்கெனவே களைத்திருந்தன. சின்ன எடையில் நாலு தடவை உட்கார்ந்து எழுந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளாமல், வழக்கமான பெரிய எடையை நேராகத் தோளில் ஏற்றினார். உட்கார்ந்தார். எழ வரவில்லை. பாரைப் பின்பக்கம் தள்ளிவிட்டு முன்னால் ஒரு அடி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் சுவரிலிருந்த பலகையைப் பார்த்தார். பல்லைக் கடித்தார். உடம்பைச் சற்றே திருப்பி, வலது காலை ஊன்றி, அங்குலம் அங்குலமாக எழுந்தார். தொடைக்குள் பழந்துணி கிழிவது போல ஏதோ கிழிந்தது. அப்போதும் பாரை ஸ்டாண்டில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். பக்கத்தில் கண்ணாடியில் புஜத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பக்கூட இல்லை.

மறுநாள் வேலைக்குப் போனார். போயிருக்கக் கூடாது.

"மாமா, நடை ஒரு மாதிரி இருக்கே. கால்ல என்ன?" என்றான் மச்சினன், கண்ணாடியின் அந்தப் பக்கத்திலிருந்து.

"ஒண்ணுமில்ல. நீ நட."

வாசல் தூணில் ஒரு மூலை இடித்தது. "மாமா, கீழ வெச்சிடலாமா?" என்று மறுபடியும் கேட்டான். "ஒண்ணுமில்லங்கிறேன்ல." இரண்டாவது படியில் வலது கால் மடங்கியது. "விடுங்க!" என்று கத்திவிட்டு மச்சினன் கையை எடுத்தான். பஞ்சு விடவில்லை. ஊருக்கெல்லாம் விடச் சொன்னவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மட்டும் பிடித்த கண்ணாடி மடங்கி நடுவில் உடைந்து, ஒரு துண்டு மச்சினனின் முன்கையைக் கிழித்துக்கொண்டு போனது.

தையல் போட்டார்கள். கட்டோடு வெளியே வந்தவன் சண்டை போடவில்லை. "இனிமே உங்ககூடத் தூக்க மாட்டேன் மாமா" என்று மட்டும் சொன்னான். அவன் திட்டியிருந்தால் பஞ்சுவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தொடைத் தசையில் பாதிக் கிழிசல் என்றார் டாக்டர். பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பான பெண்மணி. முதலில் ஓய்வு, ஐஸ், ஊன்றுகோல். பிறகு படுத்தபடி தசையை இறுக்கித் தளர்த்துவது. அதற்கும் பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. பளு தூக்கிய மனிதரை நாற்காலியோடு மல்லுக்கட்ட வைத்தாள் அந்த அம்மாள். "கொஞ்சம் வலிச்சா பரவாயில்ல. மறுநாள் காலையில கூடுதலா வலிச்சா, முந்தின நாள் அதிகம் பண்ணிட்டீங்கன்னு அர்த்தம்" என்பாள். "எப்படி இருக்கு?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் பஞ்சு "நல்லாருக்கு" என்பார். கொஞ்ச நாளில் இடது முழங்கால் வீங்கியது.

"கெட்ட காலைக் காப்பாத்துறேன்னு நல்ல கால்மேல பாரத்தைப் போட்டிருக்கீங்க. நல்லாருக்குன்னு சொன்னீங்களே, எது நல்லாருக்கு?"

பஞ்சு அசடு வழிந்தார். அன்றிலிருந்து அவள் கேள்வியை மாற்றிவிட்டாள். "எங்க வலிக்குது?" என்றுதான் கேட்பாள். எங்கேயும் இல்லை என்றால் விடமாட்டாள். விருந்தாளி முன்னால் பாட்டுப் பாடச் சொன்ன பிள்ளை மாதிரி நெளிந்து நெளிந்து, "தொடையில உள்பக்கமா... கொஞ்சம்" என்று அவர் சொல்லக் கற்றுக்கொண்டார்.

கடையில் அவருக்கு வெட்டும் மேஜை கிடைத்தது. உட்கார்ந்த வேலை, கூலியும் குறையவில்லை. மச்சினன் ஒரு நெட்டையனோடு கண்ணாடி தூக்கினான். இவன் தோளும் அவன் தோளும் ஒரு மட்டத்தில் நிற்காமல் கண்ணாடி எப்போதும் சாய்ந்தே போனது. வெட்டும் மேஜையிலிருந்து பஞ்சு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் ஆறியதும் மச்சினனிடம் போய் நின்றார்.

"பிசியோ சொல்லிட்டாங்க மாப்ள. தூக்கலாமாம்."

"கால் சரியாயிடுச்சுன்னு அவங்க சொல்லலாம் மாமா. வலிச்சா நீங்க வாயைத் திறப்பீங்கன்னு யாரு சொல்றது?"

பஞ்சு திரும்பி நடந்தார். நேராக ஜிம்முக்குப் போனார்.

பீரோவுக்குப் பின்னாலிருந்து கம்பிகளை எடுத்துத் தூசி தட்டினார். கண்ணாடிக்கு அடியில் வைக்கிற ரப்பர் பட்டையை அவற்றில் சுற்றி, ஸ்டாண்டில் செருகினார். மாஸ்டர் பதறிக்கொண்டு வந்தார். "பஞ்சு, கீழ டாக்டர்..." "தெரியும் மாஸ்டர்" என்றார். வெறும் பாரில் ஆரம்பித்தார். பிறகு சின்ன பிளேட், பிறகு அதைவிடக் கொஞ்சம் பெரியது. அதோடு உட்கார்ந்து எழும்போது தொடையில் பழைய இடம் சுண்டியது. தாங்கியிருக்கலாம். பாரைக் கம்பிகள்மேல் விட்டுவிட்டார்.

ரப்பர் சுற்றியும் சத்தம் கட்டடத்தையே உலுக்கியது. ஜிம்மில் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வாய்மூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டபடி பல் டாக்டர் வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர், இனிமே இப்படி..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

"யாருக்காவது அடிபட்டுச்சா? ஏதோ விழுந்த மாதிரி இருந்துச்சு, அதான் வந்தேன்."

"இல்ல டாக்டர். சத்தம்..."

"சத்தத்துக்கு என்ன? என் மெஷின் ஓடினா எனக்கு எதுவுமே கேக்காது. இப்ப நிறுத்தியிருந்தேன்." அவர் கண் சுவரில் போய் நின்றது. சாவகாசமாகப் படித்தார். "இதை யாரு எழுதச் சொன்னா?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "நீங்க டாக்டராச்சேன்னு... நானாத்தான்."

பஞ்சுவுக்கு வந்த கோபத்துக்கு மாஸ்டரைப் பலகையோடு சேர்த்துத் தூக்கியிருப்பார். யாருமே கேட்காத ஒரு அமைதிக்காகத் தன் தொடையும் மச்சினன் கையும் கிழிந்திருக்கின்றன. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "இத்தனை வருஷத்துல ஒரு நாள் கீழ இறங்கிப் போய் நீங்க கேட்டிருக்கலாமே?"

அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நெட்டையன் வராத ஒரு நாளில், முடி வெட்டும் கடைக்குச் சுவர்க் கண்ணாடி போக வேண்டியிருந்தது. மாடி ஏற வேண்டும். வேறு ஆளில்லாமல் மச்சினன் முன்பக்கம் பிடித்தான். பஞ்சு பின்பக்கம் பிடித்தார். பழைய நடை தானாக வந்து சேர்ந்தது. படிக்கட்டின் திருப்பத்தில் வலது தொடை இழுத்தது. பெரிய வலி இல்லை. இன்னும் நாலு படிதான். மேலே கடைக்காரர் வேறு கதவைத் திறந்து பிடித்தபடி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நில்லு."

மச்சினன் நின்றான்.

"கால் இழுக்குது. கீழ வை."

வைத்தார்கள். அவசரத்தில் கண்ணாடி தட்டென்று படியில் உட்கார்ந்தது. பஞ்சுவின் கையிலிருந்து அப்படி ஒரு சத்தம் மச்சினன் கேட்டதே இல்லை. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலேயிருந்து கடைக்காரர் என்னவோ கத்தினார். இருவரும் காதில் வாங்கவில்லை. பஞ்சு படியில் உட்கார்ந்தார்.

மச்சினன் சுவரோரமாக வந்து, தையல் தழும்பு ஓடிய கையால் கண்ணாடியைத் தாங்கியபடி, அவருக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தான்.

"நிறைய வலிக்குதா மாமா?"

"நிறைய இல்ல. கொஞ்சம்."

"மெதுவா எந்திரிங்க." கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்துக்கொண்டான். "நாளைக்கு நெட்டையன் வந்தா, அவனை வெட்டுற மேஜைக்கு அனுப்பிடலாம்."