மழைக்குக் கழித்த இருபது கிலோ

கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். மன்னிக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவன் நான்.

இரத்தினபுரியில் ஒரு கராஜில் வெல்டிங் வேலை செய்கிறேன். முதலாளி தன் ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத்துக்கு மட்டும் ஓடும் காராக மாற்றச் சொன்னார். சீட், ஏசி எல்லாவற்றையும் கழற்றினேன். சத்தம் கேட்காமலிருக்கக் காரின் உள்தரையில் ஒட்டியிருந்த தாரைக்கூடச் சுரண்டி எடுத்தேன். ஆனால் பந்தய விதியில் சொன்ன எடைக்கு ஒரு கிலோ குறைந்தாலும் ஓட விடமாட்டார்கள்.

ஒரு மழை நாளில் எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரிக்குப் போய், லொறி நிறுக்கும் தராசில் காரை ஏற்றினேன். கிளார்க் துண்டில் எழுதித் தந்த எடை விதியில் சொன்னதைவிட இருபது கிலோ குறைவாக இருந்தது. அந்த அளவுக்கு ஓர் இரும்புத் தகட்டைத் தரையில் வெல்ட் செய்தேன்.

பந்தயத்தில் முதலாளியே ஓட்டினார். ஒரு முழ வித்தியாசத்தில் முதலிடம் கைவிட்டுப் போயிற்று.

"கார்ல குறையே இல்ல. கடைசி வளைவுல நாந்தான் பயந்துட்டேன்" என்றார்.

மறுநாள் கிளார்க்கிடம், தகடு வைத்ததையும் தோற்றதையும் சொன்னேன்.

"மழைத் தண்ணிக்கு இருபது கழிச்சுத்தானே எழுதினேன்" என்றார்.

"காருக்குமாங்க?"

"கொழுந்துக்குக் கழிக்கிறோம்ல? நனைஞ்சு வந்தா எல்லாம் ஒண்ணுதான்."

அம்மா பறித்த கொழுந்தில் கழித்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். எடை போட்ட அன்றே கேட்டிருந்தால், அந்தத் தகடே தேவைப்பட்டிருக்காது.

முதலாளி இன்னும் அந்த வளைவைப் பற்றியே எல்லோரிடமும் சொல்லி வருந்துகிறார். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தகட்டை வெட்டி எடுத்துவிட்டேன். அதை இந்தத் தாளின் மேல் பாரமாக வைத்து, அவர் படிக்கட்டும் என்று அவர் மேசையில் விட்டுப் போகிறேன்.

2024 ஜனவரி 16, மாட்டுப்பொங்கல்.