எதிர்வீட்டுத் தீட்டு

என் மனைவி இறந்த வருடம் எனக்கும் முருகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட எதிராளி ஒருவர் இருக்க வேண்டுமே, அதுவே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவதை நிறுத்தினேன்.

விஷயம் இதுதான். மருமகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. அடுத்த முறை, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் வருகிற தைப்பூசத்துக்கே தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக மனைவி வேண்டிக்கொண்டாள். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். அவள் குப்புறக் கவிழ்வதற்குள் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பால்குடத்த மட்டும் விட்டுறாதீங்க." சரி என்றேன். அன்று மாலையே போய்விட்டாள்.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்பவனுக்கு என்ன நேர்த்திக்கடன் என்று எனக்கு ஆத்திரம். ஆனால் நான் சரி என்றது முருகனிடம் இல்லை, அவளிடம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போதாததற்கு, நேர்ந்துகொண்டதைத் தள்ளிப்போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று மருமகள் பயந்துகொண்டிருந்தாள். பேத்தி தும்மினால்கூட அவள் முகம் வெளுத்துவிடும்.

எடுக்கலாம் என்றாலும் வழி இல்லை. கருமாதியோடு தீட்டு கழிந்தாலும், சாவு விழுந்த வீட்டார் வருஷம் திரும்பும்வரை மலையேறக் கூடாது, பால்குடம் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எனக்கும் ஆகாது, மகனுக்கும் மருமகளுக்கும் ஆகாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணும் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் சும்மா இருக்க, வழக்கம் குறுக்கே நின்றது.

பாகான் டாலாமில் இருக்கும் என் அண்ணன்தான் யோசனை சொன்னார். வேறு வீட்டு ஆள் யாராவது என் மனைவி பேரில் எடுத்தால் போதுமாம். எதிர்வீட்டுச் சீனம்மாதான் வருஷா வருஷம் எடுக்கிறாரே, அவருக்கு என்ன தீட்டு என்றார்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஃபிளாட்டில் கதவைத் திறந்தால் அவர் கதவு. சிறுவயதில் தமிழர்கள் நடுவே வளர்ந்ததால் என் மருமகளைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார். அவர் வீட்டுச் சாமி மேடையில் குவான் இன் அம்மன் பக்கத்திலேயே முருகன் படம் இருக்கும். ரெண்டு பேரும் அடித்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். "நாம எதிரெதிர் வீடு, அடிச்சிக்கிறோமாண்ணே?" என்றார். என் மனைவியும் அவரும் சேர்ந்து விரதம் பிடித்து, சேர்ந்து மலையேறுவார்கள். நான் கீழே தண்ணீர்ப் பந்தலில் மோர் குடித்துக்கொண்டு, இந்த அம்மாவுக்கு எதற்கு இந்த வேலை என்று நினைப்பேன்.

கேட்கப் போவதற்குள் எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. நம்பிக்கை இல்லாதவன் நம்பிக்கை உள்ளவரிடம் போய், எனக்காக இதைச் செய்யுங்கள் என்று நிற்பது அவ்வளவு சுலபமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கதவைத் தட்டினேன்.

உட்காரச் சொல்லி கோப்பி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் அந்த வீட்டைச் சரியாகப் பார்த்தேன். சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வாசலில் சிவப்புத் துணி கட்டவில்லை. ஆரஞ்சுப் பெட்டி இல்லை, விளக்குக் கூண்டு இல்லை. தினம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், என் கண்ணில் படவே இல்லை.

அவர் இந்த வருஷம் விரதம் தொடங்கவில்லையாம். பெருநாளும் கிடையாதாம். சொந்தம்கூட இல்லாதவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று அவருடைய மகன் கோபித்துக்கொண்டானாம். இதை எல்லாம் கறிவேப்பிலை விலையைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு கேட்டார்.

"அவ எனக்குத் தங்கச்சிண்ணே. நான் தீட்டு காக்குறேன். ஆனா இது உங்க வழக்கம், உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தீட்டு இருக்கா, இல்லையா? இல்லேன்னு நீங்க சொன்னா, இன்னிக்கே வெரதம் புடிச்சி அவ கொடத்த எடுக்கிறேன்."

கையில் இருந்த கோப்பி ஆறிப்போனது. 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மனைவிக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறும், மருமகள் நிம்மதியாகத் தூங்குவாள். அதுவும் பொய்யில்லை. எந்தச் சாஸ்திரத்தைப் புரட்டினாலும் இல்லை என்றுதான் சொல்லும். ஆனால் அந்தச் சொல்லை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? உன் அழுகை வேறு, எங்கள் அழுகை வேறு என்று சொன்னதாகத்தானே ஆகும். என் மனைவி கேட்டிருந்தால் என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள்.

"இருக்குதுக்கா," என்றேன்.

அவர் தலையாட்டினார். அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. மனைவி போன பிறகு அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன், அதுவும் அடுத்தவர் வீட்டில்.

மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே போனேன். முழுவதையும் கேட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அடுத்த வருஷம் எல்லாரும் சேர்ந்து போகலாம், தாமதத்துக்குக் காரணம் கேட்டால் அந்தச் சாமியிடம் நீங்களே சொல்லுங்கள் என்றாள். எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் எங்கள் சாலை வழியாக வந்தது. சிதறு தேங்காய் உடைக்க ஃபிளாட்டுக்குக் கீழே சீனர்கள் தேங்காயை மலையாகக் குவித்திருந்தார்கள். அந்த அக்காவும் நானும் மாடி நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். வருஷா வருஷம் முதல் தேங்காய் அவருடையது. புதிதாகக் குடிவந்த ஒருவர் அண்ணாந்து பார்த்து, நீங்கள் தேங்காய் உடைக்க வரவில்லையா என்று மலாயில் கேட்டார்.

அக்கா குனிந்து மலாயிலேயே பதில் சொன்னார். எங்கள் வீட்டில் சாவு, இந்த வருஷம் உடைக்க மாட்டோம் என்றார்.

அந்த மனிதர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.