வலிக்கவில்லை என்றார் அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். "அழாம எழுதிருவியாம்மா?" என்று மதினி கேட்டார். எழுத முடிகிறது. அதுதான் எனக்கே விளங்கவில்லை.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணன். விடியுமுன்னே நாங்கள் இருவரும் மொட்டுப் பறிக்க இறங்கிவிடுவோம். காலில் முள் ஏறினால் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "வலிக்குதா?" இல்லை என்றால், "அப்பப் பறி." ஆமாம் என்றால் அன்று முழுக்க வீட்டில் இருக்கலாம், அம்மா பால்சோறு பிசைந்து தருவார். எங்கள் வீட்டு வைத்தியம் அம்புட்டுத்தான். வலித்தால் நோய், வலிக்காவிட்டால் ஒன்றுமில்லை.

அப்பா காலமானபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. படிப்பை விட்டுத் தோட்டத்தைப் பார்த்தார். பிறகு திண்டுக்கல்லில் பூக்கடை வைத்தார், என்னைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். அடுத்தவர் வலியை மட்டும் அவரால் தாங்க முடியாது. எனக்குப் பேறுகால வலி எடுத்த அன்று, பாதி கட்டிய மாலையைப் போட்டுவிட்டுத் தோளில் வாழைநாரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவர். மதினிக்குப் பல்வலி என்றால் கடைக்கே பூட்டு.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரையும் இருந்தது, டப்பாவுக்குள். "எனக்கு எங்க வலிக்குது, மாத்திர திங்க?" என்பார்.

போன வருடத் தைப்பூசத்துக்கும் வழக்கம்போலச் செருப்பில்லாமல் பழனிக்கு நடந்து போய் வந்தார். அந்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மதினி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"உள்ளங்கால்ல புண்ணு, பாக்கச் சகிக்கல. நான் சொன்னா எங்க கேக்குறாரு? நீ சொன்னா டாக்டர்ட்ட போவாரு. சொல்லும்மா."

அண்ணன் காலை நீட்டிக் காட்டினார். எட்டணா அகலத்துக்குக் குழி. மஞ்சளைக் குழைத்து அப்பியிருந்தார். நான் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"வலிக்குதாண்ணே?"

"இம்புட்டுக்கூட வலிக்கலத்தா. அவன் சன்னதிக்கு நடந்த காலு, முருகன் பாத்துக்கிருவான்."

எனக்குப் போன உயிர் வந்தது. "அதான் வலிக்கலைங்கிறாருல்ல, விடுங்க மதினி" என்றேன். மூவரும் காபி குடித்தோம்.

பத்து நாளில் கால் கறுத்தது. "வலிக்காததுக்குத்தாம்மா பயந்திருக்கணும். சர்க்கரை கால் நரம்பை மரத்துப்போக வச்சிருச்சு" என்றார் டாக்டர். காலை எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. கடைசி நாளிலும் கட்டிலருகே நின்று நான் அதையேதான் கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

மதினி இன்றுவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் முறைவைத்துத் துணையிருந்த பூக்கடை நண்பர்களுக்கும், ரத்தம் கொடுத்த பாதயாத்திரைக் குழுவினருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் தயவுசெய்து வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். காலைத் தூக்கிப் பாருங்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அண்ணன் போனதிலிருந்து என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மனசு வலிக்கலையா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். வலிக்கவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.