மரணப் பள்ளத்தாக்கில் ஒரு திவசம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் அப்பாவும் அவருடைய அண்ணனும் ஒரே வான் வண்டியின் முன் இருக்கைகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவரோடொருவர் ஒரு வார்த்தையும் பேசாமல், அமெரிக்கப் பாலைவனத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும் கடைசி இருக்கையில். நான் நடுவில். பேச்சு முழுவதும் என் வழியாகத்தான் நடந்தது.

"பிள்ளை, குளிருதோ எண்டு அப்பாவைக் கேள்" என்பார் பெரியப்பா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்பா, குளிருதோ எண்டு பெரியப்பா கேக்கிறார்."

"இல்லையெண்டு சொல்லு."

அப்பாவின் காதுக்கும் பெரியப்பாவின் வாய்க்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது. இருந்தாலும் நான் ஒரு சொல் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அதைவிட முக்கியமான உத்தியோகம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

இருவருக்கும் என்ன கோபம் என்று எனக்குத் தெரியாது. சுவிஸில், ஓல்டன் என்ற ஊரில் எங்கள் வீட்டில் கேட்டால், "அது பெரியாக்களின்ர விசயம்" என்று அம்மா வாயை அடைத்துவிடுவார். ஆனால் அம்மாவும் அமெரிக்காவிலிருந்த பெரியம்மாவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் கதைப்பார்கள். மணி அடித்ததும் அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமையில் ஓல்டனில் எந்தக் கடை திறந்திருக்கிறது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

அந்தத் தொலைபேசியில்தான் பயணம் உருவானது. அப்பாவுக்குச் சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்திருந்த புதிது. பிள்ளைக்குப் பாலைவனம் பார்க்க ஆசையாம், கோடையில் அங்கே நிற்க முடியாதாம், டிசம்பரில் நத்தார் விடுமுறைதான் தோதாம் என்று அம்மா அடுக்கினார். எனக்கு அப்படியோர் ஆசை இருந்தது எனக்கே அப்போதுதான் தெரியவந்தது. அப்பா நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே ஆரே ஆற்றின் மேல் கிடந்த பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்காக வாறன்" என்றார்.

பாலைவனம் என்றால் மணல், வெயில் என்று நம்பி நான் நீச்சல் உடுப்பைப் பெட்டியில் வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் காலையில் கள்ளிச்செடிகளின் முள்ளில் உறைபனி. மணலைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மலைகளோ பச்சையே இல்லாமல் செங்கல் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் மொட்டையாக நின்றன. மரம் இல்லாத மலையை நான் அதுவரை கண்டதில்லை. ஒரு மணி நேரம் ஓடினால் ஓல்டனிலிருந்து சூரிச்சையே தாண்டிவிடலாம். இங்கே ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் அதே மலை அதே இடத்தில் நிற்கும். யார் இந்த மலைக்கு வர்ணம் அடித்தது, மழை பெய்யாவிட்டால் இந்தச் செடி என்னத்தைக் குடிக்கும் என்று நான் இருவரையும் மாறி மாறிக் கேட்டேன். இருவரும் பதில் சொன்னார்கள், எனக்கு மட்டும்.

ஒரு பெட்ரோல் நிலையத்தில் மண்டையோடு போட்ட கோப்பையைக் கண்டு அம்மா விசாரித்தபோதுதான், அடுத்து நாங்கள் போகிற தேசியப் பூங்காவின் பெயர் மரணப் பள்ளத்தாக்கு என்பதைப் பெரியம்மா ஒப்புக்கொண்டார்.

"திவச நேரத்தில போற இடமோ இது?" என்று அம்மா பதறினார்.

"பெயர்தான் அப்பிடி. உள்ளுக்குப் போனா ஒண்டுமில்லை."

உண்மையில் ஒன்றுமில்லைதான். உப்புத் தரையும் கல்லும் வானமும். ஆனால் இரண்டு பெண்களும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் நாள் குறித்திருந்தார்கள். மறுநாள் காலை, மோட்டல் அறையில் பெரியம்மா கொண்டுவந்திருந்த ரைஸ் குக்கரில் சோறு வெந்தது. அன்றைக்கு அப்பம்மாவின் திவசம். நான் பிறப்பதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் இறந்துபோன, இந்த இரண்டு பேருடைய அம்மா. பெரியப்பா ஆண்டுதோறும் அதைத் தன் வீட்டில் செய்வார். அப்பா ஓல்டனில் செய்து, பல்கனியில் காகத்துக்குச் சோறு வைத்து, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்வார்ட்டிடம் ஏச்சு வாங்குவார். சேர்ந்து செய்தது அதுவரை இல்லை.

உப்புத் தரை தொடங்கும் இடத்தில் வானை நிறுத்தினோம். ஓல்டன் காகங்களுக்கு அண்ணன் மாதிரி ஒரு பெரிய காகம் ஏற்கெனவே வந்து கல்லில் குந்தியிருந்தது. பெரியப்பா சோற்றுத் தட்டை என்னிடம் தந்தார்.

"அப்பாவிட்டக் குடு."

கொண்டுபோனேன். அப்பா கை நீட்டவில்லை. "மூத்தவர் வைக்கட்டும் எண்டு சொல்லு."

"தாய்க்கு இளையவன்தான் வைக்கவேணும் எண்டு சொல்லு."

தட்டோடு நடந்து எனக்குக் கை வலித்தது. காகமும் என்னோடு சேர்ந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியது. கடைசியில் அப்பா ஒரு செய்தி தந்தார். அவருடைய குரல் மாறியிருந்தது.

"அண்டைக்கு ஏன் அந்த நியாயம் தெரியேல்லை எண்டு கேள்."

கேட்டேன். நான் கொண்டுபோன செய்திகளில் வெறுங்கையோடு திரும்பியது அது ஒன்றுதான். எனக்குப் பயமாக இருந்தது. இவர்கள் இப்படியே திரும்பிப் போய்விடுவார்கள், இனிமேல் என்னைக்கூட நடுவில் வைத்துப் பேசமாட்டார்கள் என்று தோன்றியது. அப்பா தட்டைப் பிடுங்கிக் குனிந்து சோற்றைக் கல்லின்மேல் கொட்டினார். காகம் இறங்கியது. பக்கத்தில் ஒரு பலகையில் பறவைக்குத் தீனி கொடுக்கும் கை, அதன்மேல் சிவப்புக் கோடு. சுவிஸில் வளர்ந்த எனக்குச் சிவப்புக் கோடு என்றால் தடை என்று தெரியும். சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

பூங்கா அதிகாரியின் வாகனம் வந்து நின்றது. அகலத் தொப்பி போட்ட பெண். அவர் பலகையைக் காட்டி அமைதியாக ஏதோ கேட்டார். பெரியப்பா ஆங்கிலத்தில் பதில் சொன்னார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது ஆங்கிலம் தொடங்கியிருக்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் முடிகிற காரியம். பெரியப்பா நிறுத்தவில்லை. அப்பாவைக் கையால் காட்டினார், சொன்னார், மூச்சு வாங்கினார், மறுபடியும் சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஊரில் ஆங்கிலம் படித்த அப்பா வெறும் தட்டோடு அசையாமல் நின்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லாம் கேட்டபிறகும் சட்டம் சட்டம்தான். சோற்றை அள்ளச் சொல்லிவிட்டு அதிகாரி ஓரமாக நின்றார். அண்ணனும் தம்பியும் முழந்தாளில் இருந்து கற்களுக்கு இடையில் பருக்கை பருக்கையாகப் பொறுக்கினார்கள். காகம் தன் பங்கை எடுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டது.

"அண்ணை, உங்கட சப்பாத்துக்குக் கீழயும் கிடக்கு" என்றார் அப்பா.

நான் உடனே ஓடிப்போனேன். "பெரியப்பா, உங்கட சப்பாத்துக்குக் கீழயும் கிடக்கெண்டு அப்பா சொல்லுறார்."

"கேட்டது, பிள்ளை" என்றார் பெரியப்பா. அவருடைய மூக்கிலிருந்து தண்ணீர் உப்பில் விழுந்தது. அதைக்கூடத் துடைக்கவில்லை.

அன்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அம்மா எனக்குச் சொல்ல, நான் வேலைக்குப் போகிற வயதாக வேண்டியிருந்தது. அப்பம்மா இறந்தபோது போர்க்காலம். அப்பாவின் அகதி வழக்கு சுவிஸில் முடியாமல் கிடந்தது. தாய்க்குக் கொள்ளி வைக்கிற உரிமை இளைய மகனுக்கு. "நான் வாறன், அதுவரைக்கும் அம்மாவை வைச்சிருங்கோ" என்று அப்பா தொலைபேசியில் அழுதிருக்கிறார். அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு போய் அங்கே நின்ற பெரியப்பா அன்று மாலையே தன் கையால் கொள்ளி வைத்துவிட்டார். அப்பா பேச்சை விட்டார்.

"நான் காத்திருந்தா இவன் வந்திருப்பான்" என்று பெரியப்பா அந்த அதிகாரியிடம் சொன்னாராம். "வந்திருந்தா விமான நிலையத்திலயே பிடிச்சிருப்பாங்கள். பிறகு நான் அம்மாவுக்கு ஒண்டு, இவனுக்கு ஒண்டு எண்டு ரெண்டு கொள்ளி வைக்கவேண்டி வந்திருக்கும். இவன் வரக்கூடாதெண்டுதான் அவசரப்பட்டனான்." இதைத் தம்பியிடம் தமிழில் சொல்ல அவருக்கு அத்தனை ஆண்டும் வாய் வரவில்லை.

அன்று அந்த உப்புத் தரையில் எனக்கு வந்தது கோபம்தான். செய்தி கொண்டுபோக நான் ஒருத்தி பக்கத்திலேயே நிற்க, முன்பின் தெரியாத ஒருவரிடம் பெரியப்பா அதைக் கொடுத்துவிட்டாரே என்று மனம் பொருமியது. வானில் ஏறியதும் இருவரும் டயர்க் காற்றைப் பற்றி நேருக்கு நேர் கதைக்கத் தொடங்கினார்கள். எனக்கு வேலை போய்விட்டது. பொறுக்க முடியாமல் அப்பாவின் தோளைத் தட்டினேன்.

"பெரியப்பா அந்த அன்ரியிட்ட என்ன சொன்னவர்?"

அப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நான் ஏன் உயிரோட இருக்கிறன் எண்டு சொன்னவர்" என்றார்.

இவ்வளவுதானா என்று எனக்குப் பெரிய ஏமாற்றம். அப்பா என்றால் இருப்பார்தானே, அதை ஒருவருக்கு நின்று விளக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.